ஐஸ் உருகியதும் கரைக்கு வரும் மீன்

மே மாதம் தொடங்கும்போது, ஒன்ராறியோவின் அல்கொன்குவின் பூங்காவில் இன்னும் குளிராகத்தான் இருக்கும். மரங்களில் இலை வந்திருக்காது. பாதையோரத்தில், நிழல் விழும் இடங்களில், அழுக்கான பனி கொஞ்சம் கிடக்கும். ஆனால் ஏரியில் ஐஸ் இருக்காது. போன கிழமை வரை வெள்ளையாகக் கிடந்த ஏரி இப்போது கறுப்பாக அலையடித்துக்கொண்டிருக்கும்.

இந்த நேரத்தில் கரையில் உள்ள ஒரு பாறையில் நின்று தூண்டில் போட்டால், லேக் ட்ரவுட் என்ற மீன் உங்களுக்குக் கிடைக்கலாம். "மீன் பிடிக்கிறதிலே என்ன அதிசயம்?" என்று கேட்பீர்கள். யூலை மாதத்தில் அதே பாறையில் காலை முதல் மாலை வரை நின்று பாருங்கள். அந்த மீன் கிடைக்காது. அப்போது அது ஏரியின் நடுவில், 15 அல்லது 20 மீற்றர் ஆழத்தில் இருக்கும். அது ஐந்து, ஆறு மாடிக் கட்டடத்தின் உயரம்!

வசந்த காலத்தில் சில கிழமைகள் மட்டும் அது கரைப்பக்கம் வந்து சாப்பிடுகிறது. பிறகு ஆழத்துக்குப் போய்விடுகிறது. ஏன் வருகிறது? ஏன் போகிறது? இதைப் புரிந்துகொள்ள மீனைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். தண்ணீரைப் பற்றி நிறையத் தெரிய வேண்டும்.

பெயர் ட்ரவுட், ஆனால் ட்ரவுட் இல்லை

லேக் ட்ரவுட் என்று பெயர் இருந்தாலும், இது சார் என்ற மீன் வகையைச் சேர்ந்தது. சால்மன் மீனுக்கும் சொந்தக்காரர். இதை அடையாளம் காண்பது சுலபம். உண்மையான ட்ரவுட் மீன்களுக்கு வெளிறிய உடம்பில் கரும்புள்ளிகள் இருக்கும். லேக் ட்ரவுட்டுக்கு மாறி இருக்கும்: கருமையான உடம்பில் வெளிறிய புள்ளிகள். வாலின் நடுவில் ஆழமான பிளவு தெரியும்.

இதன் அறிவியல் பெயரில் 'நமேகுஷ்' என்ற சொல் வருகிறது. அது ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இங்கே வாழ்ந்த முதற்குடி மக்களின் மொழியிலிருந்து எடுத்தது. அனிஷினாபே மக்கள் இன்றும் இந்த மீனை 'நமேகோஸ்' என்கிறார்கள்.

இந்த மீன் எல்லா ஏரியிலும் வாழாது. ஆழம் வேண்டும், குளிர் வேண்டும், தண்ணீரில் நிறைய ஒட்சிசனும் வேண்டும். (ஒட்சிசனைத் தமிழ்நாட்டில் ஆக்சிஜன் என்பார்கள். பிராணவாயு என்றும் சொல்லலாம்.) ஒன்ராறியோவில் சுமார் 2,50,000 ஏரிகள் உண்டு. அவற்றில் நூற்றுக்கு ஒன்றில்தான் லேக் ட்ரவுட் இருக்கிறது. அப்படியிருந்தும், உலகத்தில் லேக் ட்ரவுட் வாழும் ஏரிகளை எல்லாம் எண்ணினால், ஐந்தில் ஒன்றாவது ஒன்ராறியோவில்தான்! அதனால் இங்கே வாழும் நாம் இதைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது.

அல்கொன்குவினில் பிடிபடுவது பெரும்பாலும் ஒரு கிலோ, இரண்டு கிலோ மீன்தான். ஆனால் கனடாவின் வடக்கே உள்ள கிரேட் பெயர் ஏரியில் 1995-இல் ஒருவர் தூண்டிலில் பிடித்த லேக் ட்ரவுட் 72 இறாத்தல், அதாவது 32 கிலோவுக்கும் மேல். உங்கள் வகுப்பில் ஒருவரின் எடை அளவு இருக்கும்!

தண்ணீரின் விசித்திரப் பழக்கம்

சூடான பொருள் விரியும். குளிர்ந்தால் சுருங்கும். சுருங்கினால் அதே இடத்தில் அதிகம் அடங்கும், எனவே கனமாகும். கனமான தண்ணீர் கீழே போகும், லேசான தண்ணீர் மேலே வரும். இதுவரை எல்லாம் சரி.

ஆனால் தண்ணீர் 4 பாகை செல்சியஸ் வரைக்கும்தான் இப்படி நடந்துகொள்ளும். 4 பாகைக்கும் கீழே குளிர வைத்தால், அது சுருங்குவதை நிறுத்திவிட்டுத் திரும்பவும் விரியத் தொடங்கும். 3 பாகைத் தண்ணீர் 4 பாகைத் தண்ணீரைவிட லேசு. 1 பாகைத் தண்ணீர் இன்னும் லேசு. ஐஸ் எல்லாவற்றையும்விட லேசு, அதனால்தான் மிதக்கிறது.

என் வேலை கணினிக்கு நிரல் எழுதுவது. நாங்கள் எழுதும் நிரல்களில், "இந்த எண் வரும்வரை இப்படிச் செய், அதைத் தாண்டினால் மாற்றிச் செய்" என்று ஒரு வரி அடிக்கடி வரும். தண்ணீருக்குள்ளும் யாரோ அப்படி ஒரு வரியை எழுதி வைத்தது போல எனக்குத் தோன்றும். அந்த எண் 4.

இந்த ஒரு வரி இல்லாவிட்டால் என்ன நடக்கும்? மிகக் குளிரான தண்ணீர் அடிக்குப் போய், ஏரி அடியிலிருந்து உறைந்துகொண்டு வரும். மீன்களுக்கு இடமே இருக்காது. உண்மையில் நடப்பது வேறு. குளிர்காலத்தில் ஐஸ் மேலே மூடிபோலக் கிடக்கிறது. ஐஸுக்கு ஒட்டினாற்போல் உள்ள தண்ணீர் 0 பாகைக்குக் கிட்ட இருக்கும். அடியில் 4 பாகைக்குக் கிட்ட இருக்கும். வெளியே காற்று மைனஸ் 30 என்றாலும் அடித் தண்ணீர் உறையாது.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பிள்ளை, "அப்ப மீனுக்குக் குளிராதா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. நம் உடம்பு எப்போதும் 37 பாகையில் இருக்க வேண்டும், அதனால் நமக்குக் குளிர்கிறது. மீனின் உடம்பு தண்ணீரின் வெப்பநிலைக்கே மாறிவிடும். லேக் ட்ரவுட்டுக்குப் பிடித்தது சுமார் 10 பாகை. நாம் குதித்தால் அலறுவோம்; அதற்கு அது சுகமான தண்ணீர்.

வீட்டில் செய்து பாருங்கள்

உயரமான கண்ணாடிக் கூஜா ஒன்றில் குளிர்ந்த தண்ணீர் எடுங்கள். கூஜாவைச் சுற்றி ஒரு துவாயைக் கட்டுங்கள். மேலே நிறைய ஐஸ் கட்டிகளை மெதுவாக விடுங்கள். கலக்க வேண்டாம், ஆட்டவும் வேண்டாம். அரை மணி நேரம் கழித்து வெப்பமானியை மெல்ல அடிவரை இறக்கிப் பாருங்கள். 4 பாகைக்குக் கிட்ட இருக்கும். வீடு சூடாக இருந்தால் 5 அல்லது 6 என்று காட்டலாம். பிறகு ஐஸுக்குப் பக்கத்தில் பாருங்கள். அங்கே அடியைவிடக் குளிராக இருக்கும். ஐஸ் மேலே இருக்கும்வரை அடி 4-க்குக் கீழே போகாது.

இப்போது ஒரு நீளமான கரண்டியால் நன்றாகக் கலக்குங்கள். மேலும் கீழும் ஒரே எண்ணுக்கு வந்துவிடும். இந்தக் கரண்டியை நினைவில் வைத்திருங்கள். ஏரியில் அந்தக் கரண்டியின் வேலையைக் காற்று செய்கிறது.

ஏரி புரண்டு படுக்கிறது

ஏப்ரலில் வெயில் ஏறுகிறது. ஐஸ் மெலிகிறது, கறுக்கிறது, ஒரு நாள் பலமான காற்றில் உடைந்து போய்விடுகிறது. மேல்தண்ணீர் 1, 2, 3 பாகை என்று சூடாகிறது. 4-ஐத் தொட்டதும் அது கனமாகிவிடும், கீழே இறங்கும். கொஞ்ச நாளில் மேலிருந்து அடிவரை ஏரி முழுவதும் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடும். லேசு, கனம் என்ற வித்தியாசம் இல்லை. இப்போது காற்று அடித்தால், மேலே உள்ள தண்ணீர் அடிக்கும் அடியில் உள்ளது மேலேயும் போய் வரும். தூங்கிக்கொண்டிருந்தவர் புரண்டு படுப்பது போல ஏரி ஒருமுறை புரள்கிறது. குளிர்காலம் முழுக்க ஐஸுக்குக் கீழே அடைபட்டிருந்த தண்ணீருக்கு அப்போதுதான் புது ஒட்சிசன் கிடைக்கிறது.

லேக் ட்ரவுட்டுக்கு இது பெருநாள் மாதிரி. ஏரியில் எந்த இடத்திலும் தண்ணீர் அதற்கு ஏற்ற குளிரில் இருக்கிறது. எங்கே வேண்டுமானாலும் போகலாம். சாப்பாடு எங்கே அதிகம்? கரையோரத்தில்தான். சின்ன மீன்கள், நண்டைப் போலக் கொடுக்கு உள்ள நன்னீர் இறால்கள், பூச்சிப் புழுக்கள் எல்லாம் ஆழம் குறைந்த, வெயில் படும் இடத்தில் இருக்கின்றன. அதனால் அது கரைக்கு வருகிறது.

பிறகு யூன் மாதம் வரும். வெயில் கடுமையாகும். மேல்தண்ணீர் 10, 15, 20 பாகை என்று சூடாகும். சூடான தண்ணீர் லேசு அல்லவா? அது கீழே இறங்காமல் மேலேயே ஒரு கம்பளம்போல மிதக்கும். காற்று அடித்தாலும் அந்தக் கம்பளம் மட்டும்தான் அசையும். கரையோரம் முழுவதும் அந்தச் சூடான தண்ணீருக்குள் அகப்பட்டுவிடும். 15 பாகைக்கு மேல் லேக் ட்ரவுட்டுக்குப் பிடிக்காது. சாப்பாடு அங்கேயே இருக்கிறது, ஆனால் அது போக முடியாது. எப்போதாவது ஓடிப்போய் ஒரு வாய் கடித்துவிட்டுத் திரும்பி வரும், அவ்வளவுதான். இனி இலையுதிர் காலத்தில் முட்டையிடத்தான் அது கரையோரப் பாறைகளுக்கு வரும். அப்போது அல்கொன்குவினில் அதைப் பிடிக்கத் தடை.

373-ஆம் ஏரியில் கண்டது

ஒன்ராறியோவின் வடமேற்கில், ஆராய்ச்சிக்காகவே ஒதுக்கிய ஏரிகள் பல உண்டு. 1968 முதல் அங்கே ஆராய்ச்சி நடக்கிறது. அந்த ஏரிகளுக்குப் பெயர் கூடக் கிடையாது, எண்தான்! 373-ஆம் ஏரியில் உள்ள லேக் ட்ரவுட்டுகளின் உடம்புக்குள் ஆராய்ச்சியாளர்கள் சின்னக் கருவிகளை வைத்தார்கள். மீன் எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அந்தக் கருவி ஒலி மூலம் சொல்லிக்கொண்டிருக்கும். 11 வருடங்கள் பார்த்தார்கள்.

வசந்தம் நீளமாக இருந்த வருடங்களில் மீன்கள் கரையில் அதிகம் சாப்பிட்டன, நன்றாக வளர்ந்தன. கோடை நீளமாக இருந்த வருடங்களில் கரைச் சாப்பாடு குறைந்தது, வளர்ச்சியும் குறைந்தது. ஆகவே இந்தச் சில கிழமைகளில் கிடைக்கும் சாப்பாடுதான் அந்த வருடம் மீன் எவ்வளவு வளரும் என்பதில் பெரிய பங்கு வகிக்கிறது. பூமி சூடாகிக்கொண்டு வருவதால் கோடை நீளுகிறது. மீன் கரைக்கு வரக்கூடிய நாட்கள் சுருங்குகின்றன. பனிக்கரடியின் ஐஸ் உருகுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். நம் பக்கத்து ஏரியில் நடப்பது நம் கண்ணில் படுவதில்லை.

தூண்டில் போடுவது எப்படி

முதலில் தூண்டில் நூல். தெளிவான நைலோன் நூல் நல்லது. யாழ்ப்பாணத்துத் தாத்தாமாரிடம் கேட்டால் அதைத் தங்கூசி என்பார்கள். நூலின் நுனியில் ஸ்பூன் என்ற உலோகத் தகடு. பளபளப்பாக, கரண்டியின் குழிப் பகுதியைப் போல வளைந்திருக்கும். இழுக்கும்போது ஆடி ஆடி வருவதால், அடிபட்ட சின்ன மீன் என்று ட்ரவுட் ஏமாந்து கடிக்கும். அல்கொன்குவினில் உயிருள்ள சின்ன மீனை இரையாக வைக்கக் கூடாது, கொண்டுவரவும் கூடாது. வாளியிலிருந்து தப்பும் ஒரு வெளியூர் மீன், அந்த ஏரியில் குடும்பமே உண்டாக்கி, ட்ரவுட்டின் சாப்பாட்டைத் தின்றுவிடும்.

எங்கே போடுவது? நீங்கள் இப்போது தண்ணீரைப் பற்றிப் படித்துவிட்டீர்கள், எனவே நீங்களே யோசிக்கலாம். சின்ன மீன்கள் கொஞ்சம் சூடான இடத்தைத் தேடும். வெயிலில் சூடான மேல்தண்ணீரைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளும். ஆகவே காற்று போய் மோதும் கரை நல்ல கரை. கையும் மூக்கும் அங்கே விறைக்கும், அது வேறு கதை! ஏரியின் வடக்குக் கரையும் நல்லது. கனடாவில் சூரியன் தெற்குப் பக்கமாகச் சாய்ந்து போகிறது. தெற்குக் கரையில் மரநிழல் விழும், வடக்குக் கரையில் வெயில் விழும். ஓடை வந்து சேரும் இடமும், பாறைகள் சட்டென்று ஆழத்துக்கு இறங்கும் இடமும் பார்க்க வேண்டியவை.

தூரமாக வீசுங்கள். தகடு கொஞ்சம் இறங்கட்டும். பிறகு மெதுவாகச் சுற்றி இழுங்கள். அவசரப்படக் கூடாது. பத்துத் தடவை வீசியும் ஒன்றும் இல்லையென்றால் இருபது அடி தள்ளி நின்று வீசுங்கள்.

குளிர்ந்த தண்ணீரோடு விளையாட வேண்டாம்

மீனுக்குச் சுகமான தண்ணீர் நம்மைக் கொல்லும். இதை நான் பயமுறுத்தச் சொல்லவில்லை. மே மாதத்தில் வெயில் அடிக்கும், வெளியே 18 பாகை இருக்கும், ஆனால் தண்ணீர் 5 பாகைதான். நீச்சல் தெரிந்தவர்களும் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

கனடாவில் இதை 1-10-1 என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு வாங்கும், நிறுத்த முடியாது. அந்த நேரத்தில் தலை தண்ணீருக்கு மேலே இருந்தால்தான் பிழைக்கலாம். அடுத்த 10 நிமிடம் கை கால் வேலை செய்யும், அதற்குள் வெளியே வரப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய 1 மணி நேரத்தில் உடம்பு குளிர்ந்து மயக்கம் வரும். இந்தக் கணக்கு உயிர்காப்பு அங்கி போட்டவர்களுக்குத்தான். போடாதவர்களுக்கு அந்த முதல் 1 நிமிடமே போதாது. ஆகவே படகில் ஏறினால் அங்கி உடம்பில் இருக்க வேண்டும், இருக்கையின் கீழே அல்ல. பாறையில் நின்று பிடித்தாலும் போடுங்கள். ஈரப்பாறை வழுக்கும். உங்கள் அப்பா அம்மா போடாமல் நின்றால், "முதல்லே நீங்கள் போடுங்கோ!" என்று சொல்லுங்கள். இந்த ஒரு விஷயத்தில் பெரியவர்களை அதட்டலாம்.

பிடித்த மீனை என்ன செய்வது?

ஒன்ராறியோவில் வசிக்கும் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மீன்பிடி அனுமதிப் பத்திரம் தேவையில்லை. ஆனால் எப்போது பிடிக்கலாம், எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்ற சட்டம் உங்களுக்கும் உண்டு. அல்கொன்குவினில் ட்ரவுட் காலம் ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை தொடங்கும். சில வருடங்களில் அன்றைக்கு ஏரியில் ஐஸ் அப்படியே இருக்கும், ஆட்கள் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். போவதற்கு முன் அந்த வருடத்துச் சட்டப் புத்தகத்தைப் பெரியவர்களோடு சேர்ந்து பாருங்கள்.

லேக் ட்ரவுட் மிக மெதுவாக வளரும். முதல் முறை முட்டையிடவே ஆறு, ஏழு வருடம் ஆகும், சில ஏரிகளில் பத்துக்கும் மேலே. இருபது வருடத்துக்கு மேல் வாழ்வது சாதாரணம். மீனின் தலைக்குள் காதுக்கல் என்று ஒரு சின்னக் கல் இருக்கிறது. மரத்தின் வளையம்போல அதில் வருடத்துக்கு ஒரு கோடு விழும். அதை எண்ணித்தான் வயதைச் சொல்கிறார்கள். நீங்கள் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கும் பெரிய மீன், உங்களைவிட வயதில் மூத்ததாக இருக்கலாம்!

திரும்ப விடுவதென்றால், முதலில் கையை நனையுங்கள். காய்ந்த கை பட்டால் மீனின் வழுவழுப்புத் தோல் உரியும், அங்கே நோய் பிடிக்கும். மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். வசந்தத்தில் விடும் மீன் பிழைப்பது சுலபம், தண்ணீர் முழுவதும் குளிர். கோடையில் ஆழத்திலிருந்து இழுத்தால், சூடான மேல்தண்ணீர் வழியாக அது வர வேண்டும், பாவம். ஒரு வேடிக்கை: ஆழத்திலிருந்து மேலே வரும் லேக் ட்ரவுட், வயிற்றுக்குள் உள்ள காற்றுப் பையிலிருந்து காற்றை வாயால் விடும். தண்ணீரில் குமிழ் குமிழாக வரும். மீன் ஏவறை விடுகிறது!

சாப்பிட வைத்துக்கொள்வதென்றால் சின்ன மீனையே வையுங்கள். எண்ணெய்ப் பிடிப்பான மீன், பொரித்தாலும் நன்றாக இருக்கும், குழம்பும் வைக்கலாம். வயதான பெரிய மீனின் உடம்பில் பாதரசம் சேர்ந்திருக்கும். எந்த ஏரியில், எத்தனை சென்ரிமீற்றர் நீள மீனை மாதத்தில் எத்தனை தடவை சாப்பிடலாம் என்று ஒன்ராறியோ அரசு அட்டவணை வெளியிடுகிறது. 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அதில் தனி எண் இருக்கிறது.

எண்ணிக்கொண்டே இருந்தவர்கள்

அல்கொன்குவினில் உள்ள மிகப் பெரிய ஏரி ஓபியொங்கோ. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹார்க்னஸ் என்ற பேராசிரியர் 1936-இல் அங்கே மீன் ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். அந்த வருடத்திலிருந்தே, மீன் பிடித்துவிட்டுப் படகில் திரும்புகிறவர்களிடம் கேள்வி கேட்டு எழுதிவைக்கும் பழக்கம் தொடங்கியது. எத்தனை மணி நேரம் இருந்தீர்கள்? எத்தனை பிடித்தீர்கள்? மீனின் நீளம் என்ன? எடை என்ன?

1948-இல் அந்த ஏரியில் சிஸ்கோ என்ற வேறொரு மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். சிஸ்கோ குளிரான ஆழத்தில் வாழும் மீன். கோடையிலும் ட்ரவுட்டுக்குப் பக்கத்திலேயே நல்ல சாப்பாடு கிடைத்தது. ஓபியொங்கோவின் லேக் ட்ரவுட்டுகள் முன்பைவிடப் பெரிதாக வளரத் தொடங்கின. இது எப்படித் தெரிந்தது? படகுத்துறையில் நின்று வருடா வருடம் அளந்து எழுதியவர்களால்தான்.

ஏதாவது ஒரு ஏரியில் உங்களிடமும் யாராவது ஒரு ஊழியர் வந்து இப்படிக் கேட்டால், ஒன்றும் பிடிபடவில்லை என்று வெட்கப்பட்டு ஓடிவிடாதீர்கள். "நாலு மணித்தியாலம் நின்றோம், ஒன்றும் கிடைக்கேல்லை" என்று அப்படியே சொல்லுங்கள். மீன் பிடித்தவர்கள் மட்டும் பதில் சொன்னால், ஏரியில் உள்ளதைவிட நிறைய மீன் இருப்பதுபோலக் கணக்கு வந்துவிடும். உங்கள் பூச்சியத்தையும் சேர்த்தால்தான் கணக்குச் சரியாக வரும்.